வண்டிக்கு ஒரு கைவிளக்கு: வாங்கும் முன் ஒரு கணக்கு

சந்தைக்குச் சென்று சரக்கு ஏற்றிவரும் வணிகர்களுக்கு விடியற்காலைப் பயணம் புதிதல்ல. இருட்டில் வண்டி நின்றுவிட்டால் காய்கறி வாடும், கடை திறக்க நேரமாகும். பழுது பார்க்க வெளிச்சம் வேண்டும். சார்ஜ் செய்துகொள்ளும் எல்.இ.டி. கைவிளக்கு ஒன்று வண்டியிலேயே இருப்பது நல்லது.

பெட்டியில் அச்சிட்ட பெரிய 'லூமன்' எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். எஞ்சின் வேலைக்கு 300 முதல் 500 லூமன் போதும். பழைய 40 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதிகமானால் கண் கூசும். பேட்டரியும் விரைவில் தீரும்.

எவ்வளவு நேரம் எரியும் என்பதே முக்கியம். 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 7.4 வாட்-மணி. 5 வாட் விளக்கானால் முழு வெளிச்சத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். 'பத்து மணி நேரம்' என்று போட்டிருந்தால், எந்த வெளிச்சத்தில் என்று கேளுங்கள்.

வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே காந்தமும் கொக்கியும் அவசியம். கடை ஷட்டரில் ஒட்டி, தட்டிப் பாருங்கள், நழுவக் கூடாது. தூசி, நீர்த்துளி தாங்க ஐ.பி. 54 குறியீடு இருக்கட்டும்.

சூடான குண்டு பல்பு உடைந்து பெட்ரோல் ஆவி தீப்பற்றும் அபாயம் எல்.இ.டி.யில் குறைவு. ஆனாலும் பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் விலகி நில்லுங்கள்.

விளக்கை வெயிலில் வைக்காதீர்கள். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் அதற்கும் சார்ஜ் போடுங்கள். தேவைப்படும் இரவில் எரியாத விளக்கு வீண் செலவே.