ஏரி உடைந்த கதை சொல்லும் ஜூனாகத் பாறை

குஜராத்தில் ஜூனாகத் ஸ்டேஷனில் இறங்கி கிர்னார் மலைக்குப் புறப்படுகிறவர்கள் கண் எல்லாம் படிக்கட்டின் மேலேயே இருக்கும். மலைக்குப் போகும் வழியில் ஒரு கட்டடம். உள்ளே ஒரு பெரிய பாறை. அதைப் பார்க்காமல் போவது நஷ்டம்.

பாறையில் முதலில் எழுதியவர் அசோகர். அவருடைய சாசனம் பிராகிருதத்தில் இருக்கிறது. மனிதருக்கும் மிருகத்துக்கும் வைத்திய வசதி செய்த நாடுகளைச் சொல்லும் இடத்தில் சோழர், பாண்டியர் பெயரும் வருகிறது. நம்மவர்கள் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

அதே பாறையில் கி.பி. 150-ஐ ஒட்டி சக அரசன் ருத்ரதாமன் வெட்டியது சமஸ்கிருதம். நீண்ட சமஸ்கிருத உரைநடைக் கல்வெட்டுகளில் இதற்கு முந்தியது கிடைக்கவில்லை. ராஜாவின் புகழ் நிறைய உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஓர் ஏரி ரிப்பேர் விவகாரம்.

ஏரியின் பெயர் சுதர்சனம். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் அவருடைய மாகாண அதிகாரி புஷ்யகுப்தன் கட்டியது. அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்ற யவன அதிகாரி கால்வாய்கள் அமைத்தான். பிறகு ஒரு பெருமழை. மலையிலிருந்து வந்த ஆறுகள் பெருகி, கரை 420 முழ நீளம், அதே அகலம், 75 முழ ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டது.

உடைப்பின் அளவைப் பார்த்த மந்திரிகளும் அதிகாரிகளும் 'நடக்கிற காரியமில்லை' என்று ஒதுங்கிவிட்டார்கள். ஜனங்கள் 'ஹா, ஹா' என்று அலறினார்கள். ஆபீஸ் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல!

அப்போது வேலையை ஏற்றவன் மாகாண அதிகாரி சுவிசாகன். பஹ்லவ வம்சத்தான், அதாவது வெளியிலிருந்து வந்தவன். லஞ்சத்துக்கு மசியாதவன் என்று கல்வெட்டு அவனுக்கு நற்சான்று தருகிறது. கரை முன்னிலும் மும்மடங்கு உறுதியாக எழுந்தது. செலவு ராஜாவின் சொந்தக் கஜானாவில். ஊர் மக்களிடம் வரி இல்லை, வெட்டி வேலை இல்லை, 'அன்பளிப்பு' என்ற பெயரில் வசூலும் இல்லை. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுத்திருப்பதால், மற்ற இடங்களில் அவை சகஜமாக நடந்தன என்று கொள்ளலாம்.

சுமார் 300 வருஷம் கழித்து, கி.பி. 455-ல் கரை மறுபடி உடைந்தது. ஸ்கந்தகுப்தர் நியமித்த பர்ணதத்தனின் மகன் சக்ரபாலிதன் அதைச் சரிசெய்தான். அந்த விவரமும் சமஸ்கிருதச் செய்யுளாக இதே பாறையில் ஏறியிருக்கிறது. ஏரி இப்போது இல்லை.