வியர்வை காயாத ஊர்

2024 ஏப்ரல் 30. கொல்கத்தா அலிப்பூர் வானிலை நிலையத்தில் 43 டிகிரி செல்சியஸ். சுமார் 70 ஆண்டுகளாக அந்த நகரம் காணாத ஏப்ரல் வெயில். அலிப்பூருக்கு அருகில்தான் லேக் மார்க்கெட். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் தேடி வரும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி.

இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் டெல்லியில் கைகொடுக்கும் ஏர்கூலர் கொல்கத்தாவில் பெரும்பாலான நாட்களில் புழுக்கத்தைக் கூட்டுகிறது. மின்விசிறிக்கும் எல்லை உண்டு. 40 டிகிரியைத் தாண்டிய அறையில் அது அனல்காற்றைத்தான் உடம்பில் வீசும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

அறை சூடேறாமல் காக்கும் வழி லேக் மார்க்கெட் தெருக்களிலேயே இருக்கிறது. பழைய வீடுகளின் ஜன்னல்களில் பச்சை வண்ணம் பூசிய மரக் கதவுகளைப் பார்க்கலாம். வங்காளிகள் 'கொர்கொரி' என்பார்கள். சாய்வான சட்டங்கள், நடுவில் ஒரு குச்சி. அதை நகர்த்தினால் சட்டங்கள் விரிந்து காற்று வரும், வெயில் வராது. காலை வெயில் ஏறும் முன் சாத்தி, பொழுது சாய்ந்ததும் விரியத் திறப்பது அங்கே வழக்கம். இப்போதைய அடுக்குமாடிகளில் அந்த இடத்தைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது பெரிய இழப்பு. கண்ணாடி ஜன்னல் உள்ளவர்கள் வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டலாம்; உள்ளே தொங்கும் திரையைவிட அது நன்றாகத் தடுக்கும். மொட்டைமாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு, தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த வழி.

குடிக்க மோர், இளநீர், நீராகாரம், பருவத்தில் நுங்கு. வியர்த்து ஓய்ந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலின் ஆற்றலை 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது பன்காவ் முகாமில் நிரூபித்தவர், கொல்கத்தாவில் பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலனாபிஸ். பாக்கெட்டில் குறித்த அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மேல்மாடியில் தனியாக வாழும் முதியவர்கள்தான் பெரும் கவலை. தாகம் அவர்களுக்குச் சட்டென்று தெரியாது. மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை ஈரத்துணியால் உடம்பை நனைத்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த துணி வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.