இடைவெளிக்குப் பின் மீண்டும் பளு தூக்குதல்

பளு தூக்கும் பயிற்சியைச் சில மாதங்கள் நிறுத்தியவர், சேர்த்த வலிமை முழுதும் போய்விட்டதென்று கருதி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதும் தவறு, விட்ட எடையை முதல் நாளே தூக்க முனைவதும் தவறு. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் பயின்று, 10 வாரம் நிறுத்தி, மீண்டும் 10 வாரம் பயின்றவர்கள், 20 வாரம் விடாமல் பயின்றவர்களுக்கு ஏறக்குறைய இணையான நிலையை எட்டினர். இடைவெளியில் தசையின் பருமன் குறைந்த அளவுக்கு வலிமை குறையவில்லை. ஏனெனில் வலிமை தசையின் அளவை மட்டுமன்றி, தசை நார்களை ஒருங்கே இயக்கும் நரம்பு மண்டலத்தின் பழக்கத்தையும் சார்ந்தது.

எனினும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் இரத்த ஓட்டம் குறைந்த திசுவாதலால், தசையைவிட மெதுவாகவே பளுவுக்குப் பழகுகிறது. தூக்க முடிகிறது என்பதாலேயே தூக்கும்போது காயம் நேர்வது இதனால்தான். முன்பு 80 கிலோவில் ஸ்குவாட் செய்தவர் முதல் வாரத்தில் 40 கிலோ அளவில், பழைய செட்டுகளில் பாதியோடு நிறுத்திக்கொண்டு, அடுத்தடுத்த வாரங்களில் சிறிது சிறிதாக ஏற்றுவது பாதுகாப்பானது. மறுநாள் தோன்றும் தசைவலி இயல்பானது. ஆனால் கடும் வலியோடு வீக்கமும் சேர்ந்து சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதற்கான அறிகுறியாகக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நிதானம் தேர்ந்த வீரருக்கும் உரியது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் தொடைக் காயத்திலிருந்து முழுதும் மீளாமலே கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குச் சென்றவர், 317 கிலோவில் தங்கம் உறுதியானதும் இறுதி முயற்சியைக் கைவிட்டார்.

மலையூரான ஊட்டியில் பயில்வோர் உயரம், குளிர் என இன்னும் இரண்டைக் கருத வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு; மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதனால் குறைவு. ஒரே மூச்சில் முடியும் தூக்கலுக்குத் தசையிலேயே சேமிப்பாக உள்ள ஆற்றல் போதும். அச்சேமிப்பை மீண்டும் நிரப்பவே ஆக்சிஜன் தேவை. ஆகவே சென்னையிலோ கோவையிலோ சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர், எடையைக் குறைப்பதோடு செட்டுகளுக்கிடையிலான ஓய்வையும் நீட்டிக்க வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், சனவரி விடியலில் தசைகள் இறுகியிருக்குமாதலால், தகடு ஏற்றாத வெறும் பார்பெல்லில் சில செட்டுகள் செய்து உடல் சூடேறிய பின்னரே எடை சேர்ப்பது நல்லது.

மழையும் மண்சரிவும் சாலையை அடைக்கும் வாரங்களிலும் பயிற்சியை அறவே விட வேண்டியதில்லை. எடையின் கடுமை குறையாதவரை, இளையோர் வாரம் ஒரு முறையும், முதியோர் இரு முறையும் செய்யும் சில செட்டுகளே ஈட்டிய வலிமையைப் பல வாரங்கள் காத்துத் தரும்.