கடை மூடவில்லை, அம்மணி!

ஊறுகாய் விற்க இணையதளம் வைத்திருக்கிறீர்களா, சகோதரி? சென்ற வருஷத்து மாவடுப் பக்கத்தை நீக்கிவிட்டீர்கள். அதன் விலாசத்தைக் குறித்து வைத்திருந்த ஓர் அம்மாள் வருகிறார். '404, நாட் ஃபவுண்ட்' என்று இங்கிலீஷில் ஒரு வரி! கடையையே மூடிவிட்டார்கள் என்று எண்ணிப் போய்விடமாட்டாரா?

"அந்தப் பக்கம் இப்போது இல்லை, மற்ற ஊறுகாய்கள் இதோ" என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அப்பாச்சி சர்வரானால், '.எச்டிஆக்ஸஸ்' கோப்பில் 'எர்ரர்டாகுமென்ட் 404' என்று தொடங்கி, அதே வரியில் ஒரு சாய்கோடும் அந்தப் பக்கத்தின் கோப்புப் பெயரும் சேர்த்தால் முடிந்தது.

'எச்டிடிபி' என்று முழு விலாசம் மாத்திரம் போடாதீர்கள். (நான் அந்த அசட்டுத்தனம் செய்தவள்தான்!) சர்வர் 404 சொல்லாமல் ஆளை வேறு விலாசத்துக்கு அனுப்பிவிடும், பழைய பக்கம் போய்விட்ட சேதி கூகிளுக்குச் சரியாக எட்டாது.