முத்துராஜவெலவில் பதியும் சக்கரத் தடங்கள்

பாரிஸ் லாச்சப்பலில் டிக்கெட் போட்டு இலங்கைக்குப் போகிற தமிழர்களில் பெரும்பாலோர் இறங்குவது கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான். அங்கிருந்து கொழும்புக்கு 25.8 கிலோமீட்டர் அதிவேக நெடுஞ்சாலை. 2013 அக்டோபரில் திறக்கப்பட்டது. வான் விரைகையில் வெளியே தெரியும் நாணலும் நீரும்தான் முத்துராஜவெல. சுமார் 3,000 ஹெக்டேர் பரந்த பீட் சதுப்பு.

பீட் சாதாரணச் சேறு அல்ல. நீருக்கடியில் காற்றுப் படாததால் முழுதாக மட்காத நாணலும் வேரும் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளாக இங்கே படிந்திருக்கின்றன. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் வழிவது பெரும்பாலும் தண்ணீர். கையில் மிஞ்சுவது கொஞ்சம் கறுத்த நார். இதன்மேல் பாரமான லொறி ஏறினால் நுண்துளைகள் நசுங்கும். அழுந்திய தடம் வாய்க்காலாகிச் சுற்றியுள்ள நீரை வடித்துவிடும். நீர் இறங்கிய இடத்தில் காற்றுப் புகுந்து, பீட் மட்கி, கரியமில வாயு வெளியேறும், நிலமும் தாழும். தடத்தில் நீர் தேங்கி நின்றாலோ மீத்தேன் கிளம்பும்.

பீட் வளர்வது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு சாண் பள்ளம் தூர இருநூறு ஆண்டுகள் வேண்டும்.

கனடாவின் அல்பர்ட்டாவில் எண்ணெய் தேடுவதற்காக வெட்டிய நேர்கோட்டுப் பாதைகளில் பலவும் பல பத்தாண்டுகள் கழிந்தும் மரமின்றிக் கிடக்கின்றன. அங்கே பீட் நிலத்தில் மட்டும் குறைந்தது 1,900 சதுர கிலோமீட்டர் இப்படிக் குலைந்திருப்பதாகவும், மீத்தேன் கூடியிருப்பதாகவும் 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிரான்ஸ் 1991ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, இயற்கைப் பகுதிகளில் பாதையை விட்டு விலகி மோட்டார் வாகனம் ஓட்டத் தடை விதித்துவிட்டது.

முத்துராஜவெலவின் வடபகுதியும் 1996 முதல் சரணாலயம்தான். ஆனாலும் சதுப்பில் மண் கொட்டுவது நிற்கவில்லை. முதல் டிப்பர் போட்ட தடத்தில் அடுத்தது வருகிறது. தடம் பாதையாகிறது, பாதையோரம் காணியாகிறது. 2021இல் அரசு இந்நிலத்தைக் கையகப்படுத்த முனைந்தபோது, கர்தினால் மெல்கம் ரஞ்சித் வெளிப்படையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு நியாயமானது. தண்டுகம் ஓயாவின் வெள்ளத்தை வாங்கி வைத்து, நீர்கொழும்புக் களப்புக்கு மெல்ல விடுவது இந்தச் சதுப்பு. அதை மண் கொட்டி நிரப்பினால் வெள்ளம் ஜா-எல, வத்தளை வீடுகளுக்குள்தான் வரும். டிப்பர்கள் இறங்கும் வழிகளை இப்போதே அடைக்க வேண்டும். ஏற்கெனவே விழுந்த பள்ளங்களில் அணையிட்டு, வடியும் நீரை நிறுத்த வேண்டும்.