வென்டிலேட்டர் ஜாலி: டிசைன் ஓகே... காத்து வருமா?

டைல்ஸ், பெயின்ட்டுன்னு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து செலக்ட் பண்றோம். வென்டிலேட்டர் ஜாலி மட்டும் கொத்தனார் இஷ்டம்! இப்போ டெரகோட்டா, சிமென்ட், மெட்டல் என ஏகப்பட்ட டிசைன்கள் கிடைக்கின்றன.

வாங்கும் முன் ஜாலியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டையைவிட பூ வேலைப்பாடுதான் அதிகம் தெரிகிறதா? காத்தும் அந்த லட்சணத்தில்தான் வரும். கொசுவலை அடித்தால் இன்னும் குறையும். வலை போடுவதென்றால், பெரிய ஓட்டை டிசைனாக எடுங்கள். வலையைக் கழற்றிக் கழுவ வசதி இருக்கட்டும்.

சூடான காற்று மேலே ஏறும் என்பதால், ஜாலி கூரையை ஒட்டி இருப்பது நல்லது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஃபேன் அந்த ஓட்டைக் காற்றையே இழுத்துத் தள்ளும். தாளிப்பு நெடி வீட்டுக்குள்ளேயே சுத்தும். சமையலறையில் தரையை ஒட்டியும் ஒரு ஜாலி வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? பல்லி வருது, குளிருதுன்னு வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்த அறையில் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து உயிரே போகலாம். கீசரை வெளியே மாற்றுவதுதான் சரி. வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் இன்றைக்கே பேசிடுங்க. அந்த அட்டையை இப்பவே எடுத்திடுங்க.