பாமரருக்கும் எட்ட வேண்டிய தகவல் பாதுகாப்பு

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்கு எவரும் தனிப் பயிற்சி பெற வேண்டியதில்லை. ஆனால் கணிப்பொறி வழியே செல்லும் செய்தியைப் பிறர் படிக்காமல் காப்பது நெடுங்காலமாக வல்லுநர்களுக்கு மட்டுமே கைவந்த கலையாக இருந்தது. இந்நிலை எவ்வாறு மாறியது, இன்னும் செய்ய வேண்டியது என்ன என்பதை அறிவது பயனுடையதாகும்.

வலுவிருந்தும் பயனில்லை

1991-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிலிப் சிம்மர்மன் 'பி.ஜி.பி.' என்னும் மென்பொருளை வெளியிட்டார். மின்னஞ்சலை உரியவர் மட்டுமே படிக்கக்கூடிய சங்கேத வடிவாக அது மாற்றியது. ஆயினும், பயன்படுத்துவோர் பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் என இரண்டை உருவாக்கி, முதலாவதைப் பிறருக்கு அளித்து, இரண்டாவதைத் தம்மிடமே காக்க வேண்டியிருந்தது. 1999-இல் ஆல்மா விட்டன், ஜே. டி. டைகர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சல் பழக்கமுள்ள 12 பேருக்கு இம்மென்பொருளும் 90 நிமிட அவகாசமும் அளிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கினரே பணியைச் சரிவர முடித்தனர். மூவர் இரகசியச் செய்தியை மறைக்காமலேயே தவறுதலாக அனுப்பிவிட்டனர். குறை பயனாளரிடம் இல்லை, வடிவமைப்பிலேயே உள்ளது என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

தானே இயங்கும் காப்பு

இப்படிப்பினையின் பயனை 2016 ஏப்ரலில் உலகம் கண்டது. அப்போது 100 கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய வாட்ஸ்அப்பில், 'சிக்னல்' குழுவினர் உருவாக்கிய சங்கேத முறை முழுமையாக இணைக்கப்பட்டது. திறவுகோல்களைக் கைபேசியே உருவாக்கிக்கொள்வதால் பயனாளர் எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. எனினும் இம்முறை செய்தியின் உள்ளடக்கத்தையே காக்கிறது. யார் யாருடன் தொடர்பு கொண்டார் என்பது போன்ற விவரங்கள் முற்றிலும் மறைவதில்லை.

நமது நாட்டின் தேவை

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் வாசகத்தை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதுமானதன்று. கடினமான சட்ட வாசகம் தமிழில் இருந்தாலும் கடினமானதே.

ஆதார் இதற்கோர் எடுத்துக்காட்டு. 12 இலக்கங்களில் முதல் எட்டை மறைத்து, இறுதி நான்கை மட்டும் காட்டும் படிவத்தைப் பதிவிறக்கம் செய்துகொள்ள வசதி உண்டு. அதனை அறிந்தவர் தேர்ந்தெடுக்கிறார். அறியாதவரோ விடுதியிலும் நகலெடுக்கும் கடையிலும் முழு எண்ணையும் கொடுத்துவிட்டு வருகிறார். இருவருக்கும் உரிமை ஒன்றே. அதன் பயன் மட்டும் ஒருவருக்குக் கிட்டுகிறது, மற்றவருக்குக் கிட்டுவதில்லை.

ஆகவே மென்பொருளை உருவாக்குவோர் மூன்றினைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பாதுகாப்பான வழியே தொடக்கத்திலிருந்து இயல்பான வழியாக அமைதல் வேண்டும். எச்சரிக்கைகள் பேச்சு வழக்கிலுள்ள எளிய சொற்களில் இருத்தல் வேண்டும்; எழுத்தறியாதோருக்கு அவை ஒலி வடிவிலும் கிடைத்தல் வேண்டும். வெளியிடுமுன், கணிப்பொறி அறியாத சிலரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதைப் பார்த்துத் திருத்துதல் வேண்டும். இவை நிறைவேறினால்தான் சட்டம் அளித்த உரிமை, கைபேசியை நேற்று வாங்கியவருக்கும் உரியதாகும்.